கயிற்றோடு நின்ற திமிங்கிலம்

வீட்டைச் சுற்றி ஓர் ஈரக்கோடு போயிருந்தது. காபிக் கோப்பையோடு பின்கதவைத் திறந்த மெர்ல் ஹௌகன், சரளைக் கற்களின் மேல் அதைப் பார்த்துவிட்டு, தோட்டக் குழாய் ஒழுகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். குழாய் காய்ந்து கிடந்தது. நனைந்து கனத்த கயிறு ஒன்றை யாரோ நிதானமாக இழுத்துக்கொண்டு நடந்ததுபோல, இரண்டு விரல் அகலத்தில் அந்தக் கோடு சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்து, மூலை திரும்பி, மகள் சிக்னே படுக்கும் அறையின் சுவரை உரசிக்கொண்டு, மேட்டுப் பக்கத்துச் சாலைவரை போயிருந்தது. உரசிய இடத்தில் பலகையின் பெயிண்ட் உரிந்திருந்தது. அதோடு ஒரு நாற்றம், அழுகிய மீனும் பழைய முட்டைக்கோசும் கலந்ததுபோல. முப்பது வருஷம் நண்டு பிடித்தவருக்கு அது தெரியாமல் போகுமா? திமிங்கிலம் மூச்சுவிட்டால் அப்படித்தான் நாறும். ஆனால் கடல் இருந்தது வீட்டுக்கு முன்பக்கம், செங்குத்தான பாறைக்குக் கீழே, நாற்பது அடி ஆழத்தில்.

உள்ளே தொலைபேசி அடித்தது. துறைமுகத்து நண்டுக்காரர் சங்கத்தின் ஓர்வில் பேசினார்.

"என்னடா மெர்ல், உன் பொண்ணு இன்னைக்கு எத்தனை திமிங்கிலம் எண்ணினா? கொஞ்சம் குறைச்சு எண்ணச் சொல்லேன். வேணும்னா பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு வாங்கித் தரேன்."

மெர்ல் சிரித்தார். சிரிப்பு ஒட்டவில்லை. வடகலிபோர்னியக் கரையில் இலையுதிர்காலம் வந்தால் எல்லோருக்கும் இந்தப் பேச்சுதான். திமிங்கிலங்கள் தெற்கே கிளம்பினால்தான் நண்டு சீசன் திறக்கும். நண்டுக்கூண்டுக் கயிற்றில் திமிங்கிலம் சிக்கியது ஒன்றே ஒன்று பதிவானாலும் மொத்தக் கரைக்கும் பூட்டு. திமிங்கிலங்களை எண்ணக் கடலோர முனைப்பாறைக்குப் போகிறவர்களில் தன் மகளும் ஒருத்தி என்பது ஊரில் அவருக்கு நிரந்தரக் கிண்டல். இந்த வருஷம் அந்த மகளே சொந்தப் படகோடு முதல்முறையாகக் கடலுக்குப் போகப்போகிறாள். சீசன் போனால் கடனில் வாங்கிய அவள் படகு போச்சு.

சிக்னே முனைப்பாறையிலிருந்து பதினொரு மணிக்கு வந்தாள். இருபத்துநான்கு வயது, தாயின் தோள்கள், அப்பாவின் வாய்.

"அது இன்னும் அங்கேயேதான் நிக்குதுப்பா."

"எது?"

"நம்ம வீட்டுக்கு நேரா. மத்ததெல்லாம் மெக்சிகோ பக்கம் கிளம்பிப் போயாச்சு. இது மட்டும் நகரலை. வாயில கயிறு. மிதவை இல்லை, எவனோ வெட்டி எடுத்துட்டான்."

"புரொபெல்லர்ல பட்டு அறுந்திருக்கும்."

"கத்தியில வெட்டினதுக்கும் புரொபெல்லர்ல அறுந்ததுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? யார் பொண்ணு நான்?" அவள் ரொட்டியை வெட்டிக்கொண்டே சொன்னாள். "திமிங்கில மீட்புக் குழுவுக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வராங்க."

அந்த எவனோ மெர்ல்தான். கோடையில் கடலடியிலிருந்து எடுக்காமல் விட்ட ஒரு நண்டுக்கூண்டு. மூன்று வாரத்துக்கு முன் தனியாகத் தேடிப் போனபோது அந்தக் கூண்டின் கயிறு ஒரு திமிங்கிலத்தின் வாய் வழியாக ஓடியிருந்தது. மேலே அவருடைய மிதவைகள் இரண்டு, கறுப்பும் மஞ்சளும். இந்தக் கரையில் ஒவ்வொரு நண்டுக்காரருக்கும் தனித்தனி நிறம். ஒரு மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் யாருடையது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அவர் தொரட்டிக் கம்பின் நுனியில் கத்தியைக் கட்டினார். கயிற்றை அறுக்க வேண்டியவர் மிதவைகளை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு வந்து, தகர டிரம்மில் போட்டு எரித்தார். கயிறு திமிங்கிலத்தோடேயே இருந்தது. மகளுக்காகத்தான் செய்தேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பாதி உண்மை. மீதிப் பாதி, மானம்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மிகப் பெரிய துருத்தி ஒன்றை யாரோ ஒரே அழுத்தில் அமுக்கியதுபோல நீளமாக, ஈரமாக ஒரு மூச்சு. கடல் பக்கத்திலிருந்து அல்ல. மேட்டுச் சாலைப் பக்கத்திலிருந்து. ஜன்னல் கண்ணாடியில் புகைபோல ஏதோ படிந்து, மெல்ல வடிந்தது.

சிக்னே வெட்டுவதை நிறுத்தினாள். "இன்னைக்குக் கடல் சத்தம் எங்கெங்கேயோ எதிரொலிக்குது," என்றாள். அவளே அதை நம்பவில்லை என்று குரலில் தெரிந்தது.

"நான் போய் அந்தக் கயிறை அவிழ்த்துவிட்டுட்டு வரேன்," என்றார் மெர்ல். "நாளைவரைக்கும் எதுக்கு அது கஷ்டப்படணும்?"

"தனியாவா? படகையும் ஓட்டி, கயிறையும் பிடிச்சு, கத்தியையும் பிடிக்க நீங்க என்ன ஆக்டோபஸா? நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் படகுச் சாவியை எடுத்தார்.

ஒரு மணிக்கு மெர்லின் படகு துறையை விட்டுக் கிளம்பியபோது மூடுபனி தண்ணீர்மேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. நடுப்பகல்தான், ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெளுப்பு. எஞ்சினின் சத்தம் இரண்டு கஜம் போய்த் திரும்பி வந்தது. டீசல் நாற்றத்துக்கு அடியில் அந்த மற்ற நாற்றமும் கூடவே வந்தது. மெர்ல் சுக்கானைப் பிடித்திருந்தார்.

"அந்த மிதவையை வெட்டினது நான்தான்," என்றார் திடீரென்று.

சிக்னே கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"தெரியும்."

"எப்படி?"

"மூணு வாரமா என் முகத்தைப் பார்த்து நீங்க ஒரு வாய் சாப்பிடலை." அவள் மூடுபனியையே பார்த்தாள். "அவிழ்த்துவிட்டதுக்கு அப்புறம் நாளைக்கு அந்த மீட்புக் குழுகிட்ட நீங்களே சொல்லணும். சீசன் போனாப் போகட்டும்."

"சொல்றேன்மா."

சொல்வதாக இல்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும்.

முதலில் டால்பின்கள்தான் தெரிந்தன. நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். மற்ற நாட்களில் படகைக் கண்டால் அதன் முகப்புக்கு ஓடிவந்து துள்ளும் கூட்டம். இன்று ஒன்றும் துள்ளவில்லை. தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி, வட்டமாக, அசையாமல் நின்றன. படகு உள்ளே போக ஓர் இடைவெளி விட்டன. போனபின் அந்த இடைவெளி மூடிக்கொண்டது. அத்தனை கண்களும் சிக்னேயைப் பார்ப்பதாக மெர்லுக்குத் தோன்றியது. அவர் நகர்ந்து அவளை மறைத்து நின்றார். கண்களும் நகர்ந்தன.

நடுவில் திமிங்கிலம் கிடந்தது. முதுகெலும்பு வரிவரியாகத் தெரிந்தது. தோல் முழுவதும் திமிங்கிலப் பேன் பிடித்து வெளுத்திருந்தது. வாயின் இரண்டு ஓரத்திலும் கயிறு சதையை அறுத்து, எலும்புவரை இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. திறந்திருந்த ஒரு கண் அவரைப் பார்த்தது. நான் செய்தேன், நான் இதைச் செய்தேன் என்று முணுமுணுத்தார். அழுகை வந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக உண்மையாகவே வந்தது.

தொரட்டியால் கயிற்றின் தொங்கும் முனையைப் பிடித்து, படகின் கயிறிழுக்கும் எந்திரத்தில் கோத்து, இயக்கினார். கயிறு தளர்ந்தால் வாய்க்குப் பக்கத்தில் வெட்டிவிடலாம். எந்திரம் முனகியது. கயிறு வந்தது. தளத்தில் சுருண்டு விழுந்தது.

வெட்டிய முனைதானே இது. இதில் ஒன்றும் இருக்க வழியில்லை.

ஒரு மிதவை வந்தது.

நீலம், நடுவில் வெள்ளைப் பட்டை. பதினோரு வருஷத்துக்கு முன் படகோடு மூழ்கிப்போன இங்வாலின் நிறம். கடலில் போனவனின் நிறத்தை இந்தத் துறைமுகத்தில் யாரும் மறுபடி பூசுவதில்லை. அவனுடைய கடைசி மிதவைகளைச் சங்கக் கட்டிடத்து வேலியில் மாட்டிவிடுவார்கள். அவை வெயிலில் வெளுத்துப்போய்த் தொங்கும். இது வெளுக்கவில்லை. மெர்ல் தொட்டார். பெயிண்ட் ஈரமாகக் கையுறையில் ஒட்டிக்கொண்டது.

"அப்பா, நிறுத்துங்க."

இன்னொன்று வந்தது. சிவப்பும் பச்சையும். டோரன் சகோதரர்கள், அவர்களும் கடலில் போனவர்கள். இன்னொன்று. முழுச் சாம்பல். அந்த நிறத்துக்காரர் கடலில் காணாமல்போனபோது மெர்லின் அப்பாதான் தேடப் போனார், கிடைக்கவில்லை. கயிறு நாற்பது ஆள்நீளம் தாண்டிவிட்டது. அவர் போட்டது இருபதுதான். எந்திரத்தின் பொத்தானை அமுக்கினார். நிற்கவில்லை. மறுபடி அமுக்கினார். கயிறு தானாக வந்துகொண்டிருந்தது.

கடைசியாக ஒன்று. ஆரஞ்சு, மேலே ஊதா வளையம். இந்தக் கரையில் அப்படி ஒரு நிறம் யாருக்கும் கிடையாது.

சிக்னே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"இது நான் என் படகுக்கு எடுத்து வெச்சிருக்கிற நிறம்பா. நேத்துதான் முடிவு பண்ணினேன். இன்னும் யார்கிட்டயும் சொல்லலை."

திமிங்கிலம் மூச்சு விட்டது. பின்பு உள்ளே போனது.

வந்த கயிறெல்லாம் திரும்பி ஓடியது. நீல மிதவை அவர் முழங்காலில் அடித்துவிட்டுப் பறந்தது. சிவப்பு பறந்தது. சாம்பல். தளத்தில் கிடந்த சுருள் ஒன்று சிக்னேயின் பூட்ஸின் மேல் விழுந்து இறுகியது. அவளை இழுத்தது. படகின் விளிம்பில் அவள் இடுப்பு மோதியது. கால் எலும்பு முறியும் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது, காய்ந்த விறகை ஒடித்ததுபோல. மெர்ல் பாய்ந்து அவள் மேல்சட்டையைப் பிடித்தார். அவள் பாதி கடலில், பாதி படகில். கயிறு அவள் கணுக்காலில் சதையைக் கிழித்து இறங்கியது. ரத்தம் விளிம்பில் வழிந்தது.

"வெட்டுங்கப்பா. கீழ. காலுக்குக் கீழ."

கத்தி கையில் இருந்தது. கூரான கத்தி. ஒரு வெட்டுக்குத்தான் நேரம்.

கயிற்றின் ஒரு பக்கம் கடல். மறுபக்கம், அவள் தோளுக்கு அருகே, அந்த ஆரஞ்சு மிதவை. ஈரப் பெயிண்ட். செத்தவர்களின் வரிசையில் அவள் நிறம். அது அங்கே இருக்கக் கூடாது. அது இல்லையென்றால் அவள் அந்த வரிசையில் இல்லை. அவர் அப்படி நினைத்தாரா, அல்லது பழகிய கை தானாகப் போனதா?

மிதவையை வெட்டினார்.

அவருடைய கையில் மிதவை நின்றது. கயிறு போனது. அவர் பிடித்திருந்த மேல்சட்டை கிழிந்து, ஒரு துண்டு விரலில் தங்கியது. அவள் முகம் ஒரு கணம் தண்ணீருக்குள் தெரிந்தது. அதில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"சிக்னே."

கடல் மூடிக்கொண்டது.

அவர் கத்தினார். வயர்லெஸ்ஸில் கத்தினார். உயிர்காப்பு வளையத்தை வீசினார். அது தட்டையான தண்ணீரில் சும்மா மிதந்தது. தொரட்டியைக் கையெட்டும் மட்டும் உள்ளே விட்டுத் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. நேரம் போனது. எவ்வளவு என்று தெரியவில்லை. எந்த மனிதரும் மூச்சடக்க முடியாத அளவு போய்விட்டது என்பது மட்டும் தெரிந்தது.

சற்றுத் தள்ளித் திமிங்கிலம் எழுந்தது. அதன் வாயில் கயிறு இல்லை. புண் மட்டும், சிவப்பாக, திறந்து. அது தெற்கே திரும்பியது. டால்பின்கள் வழிவிட்டன. அது போய்விட்டது.

வட்டம் கலையவில்லை.

வட்டத்தின் நடுவே தண்ணீர் மெல்லப் பொங்கியது. முதலில் முடி. பின்பு நெற்றி. பின்பு கண்கள், திறந்தபடி. சிக்னேதான். கயிறு அவள் வாய்க்குள் ஓடியிருந்தது. இரண்டு கன்னத்தையும் காதுவரை கிழித்து, எலும்பில் இறங்கி, பின்பக்கம் தண்ணீருக்குள் கனமாகத் தொங்கியது.

"இங்க பாரும்மா. வளையத்தைப் பிடி. அப்பா இருக்கேன்."

அவள் பார்த்தாள். வளையம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் மிதந்தது. அவள் கையை நீட்டவில்லை. நீளமாக, ஈரமாக, காலையில் வீட்டில் கேட்ட அதே மூச்சை விட்டாள். பிறகு முதுகை வளைத்து, அவசரமே இல்லாமல், டால்பின்களோடு சேர்ந்து உள்ளே போனாள்.