நடுவுல ஆள் இருக்கு

பிள்ளைகள் நடுநடுவே இடம் விட்டுப் படுத்திருந்தார்கள். விளையாட்டு டீச்சர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருக்க, அப்புறம் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு வெறும் தரை. மறுபடி இரண்டு பேர், மறுபடி வெறும் தரை. பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளினாலும் அந்தப் பள்ளிக்கூடத்து மாடிக் கூடத்தில் இடம் பற்றாது. ஒருத்தன் கால் இன்னொருத்தி மூக்கில் இடித்து தினம் ஒரு பஞ்சாயத்து நடக்கும் கூடம் அது. அங்கே எதற்கு இந்தத் தாராள மனசு?

"நெருங்கிப் படுங்கடா. நெட்டையன் பாவம், காலை மடக்கிக்கிட்டுக் கிடக்கான் பாரு," என்றாள்.

நெட்டையன் அந்தக் கும்பலுக்குத் தலைவன். வயதுக்கு மீறிய வளர்த்தி. கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான். "முடியாது மிஸ். நடுவுல ஆள் இருக்கு."

டீச்சர் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த பிறகுதான் கூடத்தில் வேறு யாருமே சிரிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து மாதங்கள் ஆகிவிட்டன. சேற்றை வழித்தாகிவிட்டது, சுவர்களுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, கடைகளையும் திறந்தாகிவிட்டது. பிள்ளைகள்தான் இன்னும் கரையேறவில்லை. மேகம் கறுத்தால் ஒருத்தி பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் ஒரு பையன் மேசைமேல் ஏறி நிற்பான். மீசை அரும்பிய பையன்கள் படுக்கையை நனைத்துவிட்டு, காலையில் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். பள்ளி விட்டபின் சாயங்காலம் வரை இந்தக் கூடம் அவர்களுக்காகத்தான் திறந்திருந்தது. மனநல டாக்டரம்மா வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் அவரிடம் பயிற்சி எடுத்த டீச்சர் பார்த்துக்கொள்வாள்.

டீச்சர் இந்த வேலைக்கு வந்ததே தன் மகளுக்காகத்தான். மகளை வீட்டில் கூப்பிடுவது வாயாடி என்று. அத்தனை பேச்சு பேசிக்கொண்டிருந்த பிள்ளை. வெள்ளம் வந்த அன்று தாய் வெளியே போயிருந்தாள். அப்பா வழக்கம்போல எங்கோ லாரியில். வீட்டில் இருந்தது வாயாடியும், அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கப் பழகிய தம்பி உருண்டையும். வாயாடியைப் படகுக்காரர்கள் அலமாரி உச்சியிலிருந்து இறக்கினார்கள். உருண்டை இன்றுவரை கிடைக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாயை வாயாடி திறக்கவே இல்லை. கொடுத்தால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் வருவாள், செருப்பைக் கழற்றாமல் தூங்குவாள், அவ்வளவுதான். மகன் போய்விட்டான், இவளையாவது முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடு என்று டீச்சரின் மனசு ஓயாமல் யாரிடமோ கெஞ்சிக்கொண்டே இருந்தது.

வாயாடி முகத்தில் கொஞ்சமாவது உயிர் தெரிந்தது இந்த வெள்ள விளையாட்டில்தான். யாரும் சொல்லிக்கொடுத்த விளையாட்டு இல்லை, பிள்ளைகளே கண்டுபிடித்தது. ஒருத்தர் தண்ணீர். மற்றவர்கள் பெஞ்சுமேல் ஏறித் தப்பிக்க வேண்டும். தண்ணீர் தொட்டுவிட்டால் போய்த் தரையில் வரிசையாகப் படுத்துவிட வேண்டும். அதோடு முடிந்தது. படுத்தவர்கள் படுத்தே கிடப்பார்கள், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, டீச்சர் மணி அடிக்கும் வரை. அந்த அமைதியை அவளால் தாங்கவே முடியாது. பெஞ்சுகள் முனகும் சத்தமும் மின்விசிறியின் கடகடப்பும் அடங்கிப் போய், பிள்ளைகள் மூச்சை அடக்கிக் கிடப்பது மட்டும் காதுக்குள் அழுத்தும்.

டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"விளையாட்டை நிறுத்திடாதீங்க," என்றார் அவர். "இந்த மாதிரி பிள்ளைங்க பட்டதைத்தான் திரும்பத் திரும்ப விளையாடும். முடிவை மட்டும் மாத்திக் குடுங்க. எல்லாரும் பிழைச்சு வர்ற மாதிரி. அது போதும்."

அருமையான யோசனை. இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது? மறுநாளே டீச்சர் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். இனிமேல் பெஞ்சுமேல் தப்பித்தவர்கள் சும்மா நிற்கக் கூடாது. இறங்கி வந்து, படுத்திருப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும்.

"எல்லாரையுமா மிஸ்?" நெட்டையன் கேட்டான்.

"எல்லாரையும்தான். ஒருத்தரைக்கூட விடக் கூடாது."

"நடுவுல இருக்கறவங்களையும்?"

கூடம் முழுக்க அவள் முகத்தையே பார்த்தது. இல்லை என்று சொல்ல எந்த மனுஷிக்கு வாய் வரும்? "அவங்களையும்தான்டா," என்றாள்.

உடனே அடுத்த சண்டை. எல்லாருக்கும் தூக்கிவிட ஆசை, படுக்க ஒருத்தருக்கும் மனசில்லை. டீச்சர் அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். தூக்கிவிட்டவர்கள் அடுத்த ஆட்டத்தில் படுக்க வேண்டும். யாரைத் தூக்கிவிட்டார்களோ அவர்களே வந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. "ஏமாத்து வேலையே ஆகாது, சொல்லிட்டேன்!" என்று விரலை ஆட்டினாள். பிள்ளைகள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

அன்றைக்கே அது நடந்தது. நெட்டையன் ஒரு வெறும் தரையின் முன்னால் குனிந்து தங்கச்சியின் பேரைச் சொன்னான். அவளும் கிடைக்காமல் போன பிள்ளைதான். இன்னொருத்தி தன் சிநேகிதியைக் கூப்பிட்டாள். கடைசியாக, பெஞ்சைவிட்டு இறங்கி வந்தாள் வாயாடி. மூலையில் கொஞ்சூண்டு இடம் விட்டிருந்தது, ஒரு குழந்தை படுக்கிற அளவுக்கு. அதன் முன்னால் முட்டி போட்டாள். உதடு இரண்டு தரம் ஒட்டிப் பிரிந்தது.

"உருண்டை... வாடா. அக்கா வந்துட்டேன்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை. கணவனுக்குப் போன் போட்டு, "ஏங்க, பேசிட்டா! நம்ம புள்ள பேசிட்டா!" என்று கத்தினாள், அந்தப் பக்கம் அவர் லாரியை ஓரங்கட்டிவிட்டு விசும்புவது கேட்டது. அன்று இரவு வாயாடி செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். படுத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசினாள். கதவுப் பக்கம் இருந்த தாயிடம் அல்ல. சுவர்ப் பக்கம் திரும்பி. சுவருக்கும் அவளுக்கும் நடுவே கொஞ்சூண்டு இடம் விட்டிருந்தாள்.

இருக்கட்டும், பேசுகிறாளே, அது போதும் என்று டீச்சர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு கூடத்தின் வாசனை மாறிப்போனது. பள்ளி விட்டதும் கதவைத் திறந்தால் முகத்தில் அறைவது புதுச் சுண்ணாம்பின் நெடி இல்லை. வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது வந்ததே, ஊறிப்போன துணியும் சேறும் செத்த மீனும் கலந்த அந்த வாடை. பெஞ்சுக்கால்களைச் சுற்றி ஈரம் கோத்துக்கொண்டு நின்றது. துடைத்தால் போகும், திரும்பினால் வந்துவிடும். ஒருநாள் நெட்டையனுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும்போது அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். விரல் பதிந்த தடங்கள், கன்றிப்போய். மிகச் சின்ன விரல்கள்.

"யாருடா இப்படிப் புடிச்சது?"

"தூக்கிவிட்டேன்ல மிஸ். கெட்டியாப் புடிச்சுக்குவாங்க. எல்லாரையும் தூக்கி முடிச்சாத்தான் அடுத்த ஆட்டம்." பெருமையாகத்தான் சொன்னான்.

அவளுக்கு வாயாடியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க ஆசை; பார்க்கப் பயம். பார்க்கவில்லை. மகள் பேசுகிறாள். சிரிக்கிறாள். இந்த நேரத்தில் விளையாட்டை நிறுத்தி, அந்த வாய் மறுபடி மூடிக்கொண்டால்?

மழைக்காலத்தின் முதல் மழை ஒரு சாயங்காலம் பிடித்துக்கொண்டது. பெற்றவர்கள் வந்து கூட்டிப்போகத் தாமதமானது. கண்ணாடி ஜன்னலில் நீர் வழிவதைப் பார்த்தும் ஒரு பிள்ளைகூட அலறவில்லை, மேசைமேல் ஏறவில்லை. டாக்டரம்மா இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். டீச்சருக்குத்தான் அந்த அமைதி பிடிக்கவில்லை. அப்போது காவல்காரர் படியேறி வந்து வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, மேல தண்ணியக் கொட்டிட்டீங்களா? கீழ் ரூம்ல கூரை சொட்டுது."

"மழைத் தண்ணியா இருக்கும்ணே."

"மழை எப்படிம்மா நடுக் கூரையில இறங்கும்? வந்து பாருங்க. சேத்துத் தண்ணி."

போகாமல் இருந்திருக்கலாம். போனாள். கீழ் அறையில் விளக்கைப் போட்டு அண்ணாந்து பார்த்தாள். கூரையில் பழுப்பாக ஈரம் படர்ந்திருந்தது, வரிசையாக, இடைவெளி விட்டு. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். மூலையில் ஒன்று மட்டும் குட்டி.

தலைக்கு மேலே பெஞ்சு இழுபடும் சத்தம். கால்கள் ஓடுகிற சத்தம். கூடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அத்தனை கால்கள் கிடையாது. பிறகு ஒவ்வொருவராகத் தரையில் சாயும் மெத்தென்ற சத்தம். பிறகு எதுவுமே இல்லை.

இது அடுத்த ஆட்டம்.

தூக்கிவிட்டவர்கள் படுக்கும் முறை.

அவள் ஓடினாள். படியெல்லாம் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. வழுக்கி விழுந்தாள், முட்டி சிராய்த்தது. எழுந்தாள். காவல்காரர் பின்னால் ஏதோ கத்தினார். கதவைத் தள்ளினாள்.

பிள்ளைகள் நெருங்கிப் படுத்திருந்தார்கள். தோளோடு தோள். நடுவில் இடமே இல்லை.

ஒவ்வொரு தலைமாட்டிலும் தரையில் இரண்டு ஈரப் பாதத் தடங்கள். மேலே யாரும் இல்லை. பாதத்தின்மேல் மட்டும் தண்ணீர் சொட்டியது. சொட். சொட்.

எங்கிருந்தோ ஒரு பெண்குழந்தையின் குரல், தொண்டையில் நீர் கட்டிய குரல், "அண்ணா," என்றது.

நெட்டையன் எழுந்தான். யாரோ இழுத்தமாதிரி கை முதலில் எழும்பியது. இருமினான். சேற்றுத் தண்ணீராகக் கக்கினான். மூச்சு வந்தது. இன்னொரு குரல். இன்னொரு பிள்ளை. இருமல், கக்கல், மூச்சு. அடுத்து. அடுத்து. அப்பாடா, எழுந்துவிடுகிறார்கள், எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள்.

மூலையில் வாயாடி மட்டும் கிடந்தாள்.

"வாயாடி! எழுந்திரு கண்ணு! அம்மா கூப்பிடறேன்ல!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. நனைந்து ஊறிய மூட்டைக் கனம். உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"நீங்க கூப்பிட்டா வர மாட்டா மிஸ்." நெட்டையன் வாயைத் துடைத்தபடி சொன்னான். "அவ யாரைத் தூக்கிவிட்டாளோ அவங்கதான் கூப்பிடணும். நீங்கதானே சொன்னீங்க?"

அவள் நிமிர்ந்தாள். மகளின் தலைமாட்டில் இரண்டு பாதத் தடங்கள். அவள் உள்ளங்கைக்குள் அடங்கும் தடங்கள். அவற்றின் பக்கத்தில் மூன்றாவது விழுந்தது. நான்காவது. தத்தித் தத்தி அவளை நோக்கி வந்தன.

ஈரமான சின்னக் கை ஒன்று அவள் சுண்டுவிரலைச் சுற்றி மூடிக்கொண்டது.

எத்தனை மாதமாக ஏங்கிய கை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். "சாமி, என் தங்கமே, அக்காவைக் கூப்பிடுடா. அக்கா பேரைச் சொல்லு. சொல்லுடா ராஜா. வா... யா... டி. எங்கே, சொல்லு."

உருண்டைக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

அவன் சிரித்தான். வெறும் காற்றில், அவள் முழங்கால் உயரத்தில், கொழகொழவென்று நீர் அலம்பும் சிரிப்பு. கீழே மகளின் திறந்த கண்களின்மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"சொல்லுடா," என்றாள் அவள். "வா... யா..."

அவன் மறுபடியும் சிரித்தான்.