சொன்னால்தான் விடுவார்

முதல் சுற்றிலேயே ஸ்கேன் இயந்திரம் பாதிதான் பேசியது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றது. மேசை வளையத்துக்குள் போய்த் திரும்பி, சுழற்சியின் சீறல் தணிந்த பிறகு வர வேண்டிய "மூச்சை விடுங்க" வரவில்லை. இரண்டுமே இயந்திரத்தை இயக்கும் அவளுடைய குரல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்கேன் அறைக்காகப் பதிவு செய்து கொடுத்தது. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் 'மூச்சு'.

இன்று மேசையில் படுத்திருந்தவர் அவளுடைய அப்பா.

மைக்கை அழுத்தினாள். "போதும்பா, சாதாரணமா இருங்க."

"தப்பிச்சேன்!" என்றது ஸ்பீக்கரில் அப்பாவின் குரல். "பெத்த அப்பனப் பாத்து மூச்சை விடுன்னு சொல்ற ஒரே மக நீதான்."

படத்தில் ரத்தம் வெள்ளையாகத் தெரிவதற்கான டை மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா சிரித்தாள். "அவ சொல்லாட்டி நீங்களே விட்டுக்க வேண்டியதுதானேப்பா?"

"மாட்டேன். போன தடவ முன்னாடியே விட்டுட்டு, படம் கலைஞ்சு போச்சுன்னு இவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இனிமே சொன்னாத்தான் விடுவேன்."

அப்பாவின் வயிற்றில் ரத்தப் பெருங்குழாய் பலூன் மாதிரி வீங்கியதால், அதற்குள் உலோகக் கம்பி பின்னிய துணிக்குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். ரத்தம் துணிக்குள்ளேயே ஓடினால் நல்லது. வெளியே கசிந்து பழைய வீக்கத்தை நிரப்பினால் அது ஒருநாள் வெடிக்கும். இன்னொரு அறுவை சிகிச்சையை அப்பாவின் இதயம் தாங்காது. அதற்காகத்தான் வருடந்தோறும் இந்தப் படம்: மருந்துக்கு முன் ஒன்று, மருந்து ஓடும்போது ஒன்று, சற்றுப் பொறுத்து ஒன்று.

இரண்டாவது சுற்று. குழாய்க்குள் வெள்ளையாக ரத்தம். வெளியே வீக்கம் முழுக்கக் கறுப்பு. கசிவு இல்லை. அவள் மூன்று முறை பார்த்தாள். தன் கண்ணை அவள் ஒருபோதும் முதல் தடவையில் நம்பியதில்லை. அதற்குள் போன் அடித்தது. டாக்டர்.

"லீக் இருக்காம்மா?"

"இல்ல டாக்டர்."

"மூணாவதையும் பாரு. மெதுவான கசிவு அதுலதான் மாட்டும்."

போனை வைத்தபோது நர்ஸ் அக்கா வெளியே வந்திருந்தாள். "ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு. விடு, மூச்சு," என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனாள்.

காத்திருந்தாள். ஏசியின் ஒரே சீரான முனகல், ஸ்பிரிட் வாடை, திரையின் வெளிச்சம் விழுந்து பாதி மறைந்த தடித்த கண்ணாடி, அதற்கு அப்பால் வெள்ளை வளையத்துக்குள் இடுப்பு வரை போயிருந்த போர்வை. வழக்கமாக இந்த இடைவெளியில் அப்பா கனைப்பார், குளிருது என்பார், எதையாவது முணுமுணுப்பார். ஸ்பீக்கரில் இன்று இரைச்சல்கூட இல்லை. தூங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது சுற்று. பதிவுக் குரல் வரவே இல்லை. படங்கள் வந்தன.

அழகான படங்கள். அவள் எடுத்ததிலேயே துல்லியமானவை. கம்பியின் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரிந்தது. துடிக்கிற குழாயின் ஓரத்தில் எப்போதும் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். இதில் இல்லை.

மருந்து இந்நேரம் உடம்பெல்லாம் பரவிச் சாம்பலாக வெளுத்திருக்க வேண்டும். அது குழாய்க்குள்ளேயே இருந்தது. அதே வெள்ளை. அதே விளிம்பு. இரண்டாவது சுற்றில் எங்கே நின்றதோ அங்கேயே.

தவறான படத்தைத் திறந்துவிட்டோம் போல. மூடினாள். திறந்தாள். மூன்றாவதுதான்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது சுற்று முடிந்ததும் போன் அடித்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்ன பதிவுக் குரல் விடச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

கண்ணாடிக்குள் பார்த்தாள். போர்வைக்கு மேலே அப்பாவின் நெஞ்சு உயர்ந்திருந்தது. இறங்கவில்லை.

ஸ்பீக்கர் இரைந்தது.

"விடட்டுமா?"

அப்பாவின் குரல். ஆனால் உதடுகள் அசையவில்லை.

கதவுக்கு ஓட வேண்டும். ஆனால் விரல் மைக்கை அழுத்தியது.

"போதும்பா... சாதாரணமா இருங்க."

"அது இல்லம்மா." மெதுவாக. பிரியமாக. "எப்பவும் சொல்றதச் சொல்லு."

அவள் மைக்கிலிருந்து விரலை எடுத்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன்.

உள்ளே, வளையத்துக்கு மேலிருந்து, அவளுடைய குரலே தெளிவாகச் சொன்னது:

"மூச்சை விடுங்க."

நெஞ்சு இறங்கத் தொடங்கியது. நீளமான ஒரு பெருமூச்சு. தடித்த கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தது. மேசை மறைந்தது. வளையம் மறைந்தது. கண்ணாடி முழுக்க வெளுத்து, நீர் கோத்து, வழிந்தது.

மூச்சு இன்னும் வந்துகொண்டே இருந்தது.