அறுபதுக்குக் கீழே ஒரு துடிப்பு

அலறியது மனுஷி அல்ல. மிஷின்!

பதினேழாம் நம்பர் கட்டம் சிவப்பாகி, விட்டு விட்டு எரிந்தது.

நாடி... பூஜ்யம்.

காலை மணி பத்து நாற்பது.

சிஸ்டர் பாதி குடித்த டீயை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அவளுடைய அறை. ஆறு திரைகள். திரைக்கு எட்டுக் கட்டங்கள். நாற்பத்தெட்டு நோயாளிகள் அவரவர் வீட்டில், மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். அவர்களுடைய நாடி, மூச்சு, பிரஷர் எல்லாம் வினாடி தவறாமல் இங்கே வந்து சேரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாற்பத்தெட்டு உயிருக்குக் காவல்!

பதினேழு... பிரஸ்காரர். அச்சகம் நடத்தி ஓய்ந்தவர். அறுபத்திரண்டு வயது, பலவீனமான இதயம்.

அவருடைய மனைவி அப்போது எங்கே?

சிஸ்டருக்குப் பக்கத்து நாற்காலியில்!

ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். அவரைவிட இருபது வயது சின்னவள். கையில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீ. ஒரு வருஷமாக அவரை உயிரோடு வைத்திருப்பதற்கு நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டுமாம். அக்கா, அக்கா என்று உருகினாள். திரையில் அவர் நாடி ஓடுவதைக் காட்டச் சொல்லிப் பார்த்துப் பூரித்தாள்.

இப்போது அவள் முகம் வெளுத்துப்போனது.

"என்னக்கா... அது எங்க நம்பர்தானே?"

"பட்டை நழுவியிருக்கும். பதறாதீங்க."

சிஸ்டர் அந்த வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.

ஆம்புலன்ஸ் பறந்தது. பதினோரு மணிக்குத் தகவல் வந்தது. முடிந்துவிட்டதாம்.

மனைவி அப்படியே சரிந்தாள். சிஸ்டர்தான் தாங்கிப் பிடித்தாள். அந்தக் கையை அவள் பிற்பாடு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவப் போகிறாள்... அது அப்போது அவளுக்குத் தெரியாது.

பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

"சிஸ்டர், தனியாவா இருக்கீங்க?"

"நாப்பத்தெட்டு பேரோட இருக்கேன். சொல்லுங்க."

"நாப்பத்தேழு," என்றார் ஓட்டுநர்.

சிஸ்டர் இருண்டு கிடந்த பதினேழாம் கட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. பத்து நாப்பதுக்குப் போனாருன்னு உங்க மிஷின் சீட்டு சொல்லுது. பதினோரு மணிக்கு நான் தூக்கறேன்... தாடை கட்டை மாதிரி இருக்கு. கழுத்து மடங்க மாட்டேங்குது. பதினெட்டு வருஷமா தூக்கறேன், சிஸ்டர். இருபது நிமிஷத்துல எந்த உடம்பும் இப்படி விறைக்காது."

"பின்ன எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"மூணு மணி நேரத்துக்குக் குறையாது. டாக்டர் சீட்டைப் பார்த்தாரு, இயற்கை மரணம்னுட்டாரு. அஞ்சு மணிக்குக் கையெழுத்து போட்டு உடம்பைக் குடுத்துடுவாங்க. எனக்கு எதுக்கு ஊர்வம்பு? மனசு கேக்கலை. சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

வைத்துவிட்டார்.

சிஸ்டர் பதினேழாம் நம்பரின் காலைப் பதிவைத் திறந்தாள்.

ஏழு பத்து வரைக்கும் நாடி அறுபத்தெட்டு, எழுபது. பிறகு இருபது நிமிஷம் வெற்றிடம். அது தினமும் உள்ளதுதான். குளிக்கும்போது பட்டையைக் கழற்றி வைப்பார். ஏழரைக்கு மறுபடி ஆரம்பம்.

ஐம்பத்தெட்டு... ஐம்பத்தாறு... ஐம்பத்து நாலு...

சிஸ்டர் திரைக்கு அருகே குனிந்தாள்.

பிரஸ்காரரின் மார்புத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவு பேஸ்மேக்கர் ஒன்று உண்டு. இதயம் சோம்பினால் தட்டி எழுப்புகிற கருவி. அறுபதுக்குக் கீழே இறங்க விடாது. ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவருக்கு ஐம்பத்தொன்பது வந்ததில்லை!

திரை ஏன் கத்தவில்லை? ஐம்பதுக்குக் கீழோ நூற்று முப்பதுக்கு மேலோ போனால்தான் கத்தும். சரி, சிஸ்டர் ஏன் பார்க்கவில்லை? ஒன்பதுக்குத்தான் அவள் டியூட்டி ஆரம்பம். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தவளின் டீயைக் குடித்துக்கொண்டு அவள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாளே, எங்கே பார்ப்பது?

ஆக, குளிக்கிற நேரத்திலேயே ஆள் காலி. அதன் பிறகு அந்தப் பட்டை வேறொரு கையில் இருந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற கையில். வேளை வந்ததும் கழற்றிப் பிணத்தின் கையில் கட்டியிருக்கிறார்கள். 'புருஷன் போன நேரத்தில் பெண்டாட்டி என் பக்கத்தில்தான் இருந்தாள்' என்று கோர்ட்டில் சத்தியம் பண்ண ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்... சிஸ்டர்!

நன்றியாம். ஃபிளாஸ்க்காம்.

அது யாருடைய கை?

அவள் நாடியின் அலையைப் பெரிதாக்கினாள். ஒரு துடிப்பு. இரண்டு. மூன்று. நான்கு. அப்புறம் ஒன்று இல்லை. பள்ளம். அடுத்தது ஓங்கி ஒன்று, படி தவறினவன் தடாலென்று காலை ஊன்றுவதைப்போல. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... பள்ளம்.

சிஸ்டர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இந்த நொண்டி நடை அவளுக்குத் தெரியும்!

அவளுடைய கணவன் இதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறான். வீடு வீடாகப் போய்ப் பட்டை மாட்டி, இணைத்து, வாரம் ஒரு முறை சரிபார்க்கிற டெக்னீஷியன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். அதனால் எல்லோருக்கும் 'ஸ்க்ரூ சார்'. புதுசாக எந்தப் பட்டை வந்தாலும் சாப்பாட்டு மேஜையில் தன் கையில் கட்டித்தான் அவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பான். நாலு அடித்து ஒன்று தாண்டுகிற அந்த நடையைப் பார்த்து அவள் பயந்தபோது டாக்டர் சிரித்தார். ஒன்றுமில்லை, சிலருக்கு அப்படித்தான் என்றார். சைக்கிள் மிதிக்கிற உடம்பு, அதனால் நாடியும் மெதுவாம்.

மிஷின் மாட்டுகிறவனுக்குக் கையில் கட்டுகிற மிஷின் தெரியும். மார்புக்குள் இருக்கிற மிஷின் என்ன பண்ணும் என்று தெரியவில்லை.

சிஸ்டர் குழாயடிக்கு ஓடினாள். குடித்த டீ மொத்தமும் வெளியே வந்தது. கையைக் கழுவினாள். மூன்று தடவை.

பிறகு வந்து போனை எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுல மாட்டிக்கிட்டு இருக்கேன். காலையில ஏழு மணியிலேருந்து இங்கேயேதான். ஏன்?"

கேட்காத கேள்விக்குப் பதில்!

"பதினேழாம் நம்பர் போயிட்டாரு."

"அடப்பாவமே... பிரஸ்காரரா? நல்ல மனுஷன்."

"அவர் பதிவுல ஏதோ கோளாறு தெரியுது. டாக்டர் அஞ்சு மணிக்கு வர்றதுக்குள்ள வந்து பார்த்துடுங்க."

அவன் மெல்லக் கேட்டான்.

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

அது பொய்யில்லை. போனை வைத்துவிட்டு அவள் இன்னொரு எண்ணை அழுத்தினாள்.

மணி நான்கு.

ஸ்க்ரூ சார் பையோடு வந்தான். அறைக் கதவைச் சாத்தினான். பக்கத்து டாக்டர் அறையின் கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. உள்ளே துணித்திரை போட்டிருந்தது. டாக்டர் இல்லை என்று தெரிந்ததும் ஆசுவாசமாக உட்கார்ந்தான். பதிவை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தான்.

"பட்டை லூஸா இருந்திருக்கு. லூஸா இருந்தா கன்னாபின்னான்னுதான் காட்டும். சென்சார் கோளாறுன்னு குறிச்சுடு."

"குறிச்சா காலைப் பதிவே அழிஞ்சிடுமே."

"அழியட்டும். செத்தவர் வந்து கேக்கப் போறாரா?"

சிஸ்டர் மேஜை டிராயரைத் திறந்தாள். பிணத்தோடு திரும்பி வந்த பட்டை, பிளாஸ்டிக் உறையில்.

"கோளாறுன்னு எழுதணும்னா, அதே பட்டையை நல்லா இருக்கிற ஒரு கையில மாட்டி ஓட்டிப் பார்க்கணும். நீங்க போட்ட விதிதான். கையைக் குடுங்க."

பதினாறு வருஷப் பழக்கம்! அவள் கையைக் குடுங்க என்றால், யோசிக்காமல் இடது சட்டைக் கையை மடித்து நீட்டிவிடுவான். நீட்டினான்.

பட்டை இறுகியது. காலையிலிருந்து இருண்டு கிடந்த பதினேழாம் கட்டம் விழித்துக்கொண்டது.

எண்பத்தெட்டு.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு... பள்ளம். ஓங்கி ஒன்று.

பக்கத்தில் காலை அலை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி!

"யாரோடதுன்னு தெரியுதா?" என்றாள்.

அவன் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "இது... இந்த மாதிரி ஆயிரம் பேருக்கு இருக்கும்."

"இருக்கும். ஆயிரம் பேர் நெஞ்சுல நான் தலை வச்சுத் தூங்கலையே."

அவன் தலை குனிந்தது.

அப்புறம் எல்லாம் கொட்டியது. வாரம் ஒரு முறை பட்டையைச் சரிபார்க்கப் போனானாம். பிரஸ்காரர் தூங்குகிற நேரமாகப் பார்த்து அவர் மனைவியோடு பேச்சு வளர்ந்ததாம். ஒரு வருஷமாம். தலையணையை அழுத்தினது அவள்தானாம். இவன் போய்ச் சேரும்போது முடிந்திருந்ததாம்.

"நான் பட்டையை மட்டும்தான் கட்டிக்கிட்டேன். சத்தியமா."

"மூணு மணி நேரம்... பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து. நான் இங்க உங்க நாடிக்குக் காவல் இருந்திருக்கேன். அவ வேற என்னை அக்கா அக்கான்னு..." சிஸ்டர் மேஜையில் கிடந்த டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "என் சாட்சியை வச்சா என் குடியைக் கெடுப்பீங்க?"

அவன் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் காலருகே உட்கார்ந்தான்.

"புத்தி கெட்டுப்போச்சும்மா. அவ வேண்டாம் எனக்கு. ஒரே ஒரு பட்டன். அமுக்கிடு. பழையபடி இருக்கலாம். நான் தூக்குல தொங்கினா உனக்கு யார் இருக்கா?"

மணி நாலு இருபது.

'சென்சார் கோளாறு' என்ற பட்டன் திரையில் காத்திருந்தது. அவள் விரல் அதன் மேல்...

பதினாறு வருஷம். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டினவன். அவளுடைய அம்மாவின் கடைசி நாட்களில் மகனாக நின்றவன். அமுக்கினால் ஒரு கொலை மறையும். அமுக்காவிட்டால் ஒரு புருஷன் போவான்.

அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்தாள். 'புது நோயாளி: ஒன்று.' காலையில் திறக்கப் போனதுதான். ஃபிளாஸ்க் வந்து சேர்ந்ததில் மறந்துபோனாள். எந்த நிலையிலும் மஞ்சள் புள்ளியை அவளால் விட்டுவைக்க முடியாது. தொழில் புத்தி.

திறந்தாள்.

பெண். வயது நாற்பத்திரண்டு. பலவீனமான இதயம். திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே கண்காணிப்பு. துணைக்கு இருப்பவர்: கணவர். பதிவு செய்தவர்: ஸ்க்ரூ சார், நேற்று மாலை.

முகவரி...

சிஸ்டரின் சொந்த வீட்டு முகவரி!

சிஸ்டர் படிவத்தை இரண்டு முறை படித்தாள். அவள் வாழ்நாளில் ஜலதோஷத்துக்கு மேல் ஒரு வியாதி கண்டவளில்லை.

"எனக்கு எப்பங்க இதய நோய் வந்துச்சு?"

அவன் நிமிர்ந்தான். திரையைப் பார்த்தான். பார்த்த கண் அங்கேயே நின்றுவிட்டது.

"திங்கட்கிழமை என் கையில கட்டுவீங்க. அப்புறம் ஒரு நாள் குளிக்கிற நேரத்துல கழட்டுவீங்க. அதை யார் கட்டிக்கிறதா ஏற்பாடு? அவளா?"

பதில் வாயிலிருந்து வரவில்லை. கையிலிருந்து வந்தது.

தொண்ணூற்றாறு... நூற்றுப்பத்து... நூற்று முப்பத்தொன்று...

செத்துப்போன பதினேழாம் நம்பர், பயத்தில் வீல் என்று அலறியது!

சிஸ்டர் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். எழுந்து போய் டாக்டர் அறைக் கண்ணாடியைத் தட்டினாள்.

"வாங்க சார்."

துணித்திரை விலகியது. இன்ஸ்பெக்டர்! பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

நான் தட்டினால் வாருங்கள், தட்டாவிட்டால் பதிவில் தப்பில்லை என்று அர்த்தம், போய்விடுங்கள்... இப்படிச் சொல்லித்தான் அவரை உட்கார வைத்திருந்தாள். மனிதர் ஒரு மணி நேரமாகப் பழைய பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லலைன்னியே!" என்று கத்தினான் கணவன்.

"முதல்ல உங்ககிட்ட சொல்றேன்னுதான் சொன்னேன். ரெண்டாவது யாருன்னு நீங்க கேக்கலை."

அவன் பட்டையைப் பிய்த்து எறியப் பார்த்தான். கொக்கி வரவில்லை. நோயாளிகள் எளிதில் கழற்ற முடியாதபடி இறுக்கமான கொக்கி போட்டதும் அவன்தான். இன்ஸ்பெக்டர் அந்தக் கையை அப்படியே பிடித்து, இருக்கட்டும், சாட்சி கையிலேயே இருக்கட்டும் என்றார். பிரஸ்காரர் வீட்டுக்கும் ஒரு வண்டி கிளம்பியது. உடம்பைக் கொடுக்கக் கூடாது, பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டருக்கும் தகவல் போனது.

கணவனை மாடிப்படியில் இறக்கிக்கொண்டு போனார்கள். சிஸ்டர் ஜன்னலருகே நின்றாள். கீழே ஜீப்பின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பதினேழாம் கட்டத்தில் அந்த நொண்டி நடை மங்கியது... விட்டு விட்டு வந்தது... ஆஸ்பத்திரி வைஃபை எட்டாத தெருமுனையில் ஜீப் திரும்பியதும் நின்றுபோனது.

இன்ஸ்பெக்டர் அந்தப் புது நோயாளியின் படிவத்தைக் கவலையோடு படித்துக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். பலவீனமான இதயம்னு போட்டிருக்கு. உங்களுக்கு நிஜமாவே இதய நோய் ஏதாவது இருக்கா?"

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதி நாற்பத்தேழு பேருக்கு எதிரே தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதினாறு வருஷமா இருந்துச்சு, சார். இப்பதான் உங்க ஆளுங்க ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போறாங்க."