வெள்ளிக்கிழமை மூச்சு

வெள்ளிக்கிழமை மாலைகளில் தணிகைவேலுக்குப் பக்கத்து வீட்டு லத்தீப்தான் மூச்சுவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு கட்டிலருகே உட்காருவார். மூச்சுப்பொறியின் குழாயைக் கழற்றிக் கைத்துருத்தியில் மாட்டி, சீராக அமுக்கத் தொடங்குவார். தணிகைவேலின் மார்பு ஏறி இறங்கும். ஒரு மணி நேரம் போனதும் குழாயைப் பழையபடி மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்.

நிலவின் தரைக்கு அடியில் இருந்த அந்தக் குகைக் குடியிருப்பில் இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் சர்வரை அணைத்துப் போடும் நாள். விளக்கு, தண்ணீர், கதவு எல்லாவற்றையும் ஒரே சர்வர்தான் கவனித்துக்கொண்டது. சனிக்கிழமை காலையில் அது பறக்கும். நாளாக ஆக மந்தமாகும். வியாழக்கிழமை கதவு திறப்பதற்குள் கையில் இருக்கும் தேநீர் ஆறிவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி பறக்கும்.

சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போனவன் தணிகைவேல். அவன் ரத்தத்தை நொடிக்கு நொடி அளந்து, எவ்வளவு காற்று போக வேண்டும் என்று மூச்சுப்பொறிக்குச் சொல்வதும் அதே சர்வர்தான். அது அணைந்திருக்கும் நேரத்துக்குத்தான் லத்தீப். அதை அணைப்பவள் தணிகைவேலின் மனைவி சுகிர்தா. குடியிருப்பின் ஒரே சர்வர் பொறியாளரான அவள், அந்த நேரம் முழுக்கக் கீழ்த்தளத்தில் இருந்தாக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சர்வர் எழவில்லை. இன்னொரு முறை அணைத்து எழுப்ப வேண்டியிருந்தது. சுகிர்தா வீட்டுக்கு ஓடி வந்தபோது லத்தீப் மரத்துப்போன கையை உதறிக்கொண்டு நின்றார். வேறு யாரோ துருத்தியைத் தப்பும் தவறுமாக அமுக்கிக்கொண்டிருந்தார்கள். தணிகைவேலின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

மறுநாள் அவள் குடியிருப்பின் தலைவி ரெஜினாவிடம் போனாள்.

"அக்கா, இந்த ரீஸ்டார்ட்டே இனிமே இருக்கக் கூடாது. சர்வர் ஏன் மெதுவாகுதுன்னு நான் கண்டுபிடிச்சே ஆகணும்."

"அணைச்சுப் போட்டா சரியாயிடுதே சுகிர்தா. இத்தனை வருஷமா அப்படித்தானே ஓடுது?"

"சரியாகலக்கா. தண்ணி ஒழுகுற வீட்டுல வாளியைக் கொட்டிட்டுக் கொட்டிட்டு வைக்கிறோம். ஓட்டை எங்கன்னு யாரும் பார்க்கல."

முதலில் விளக்குகளைச் சந்தேகப்பட்டாள். ஒரு வாரம் அவற்றைச் சர்வரிலிருந்து பிரித்துவிட்டுப் பார்த்தாள். நினைவகம் நிரம்புவதைக் காட்டும் கோடு கொஞ்சமும் சளைக்காமல் ஏறியது. அடுத்து தண்ணீரைப் பிரித்தாள். பிறகு கதவுகளை. கதவைக் கையால் தள்ளித் திறக்க வேண்டியிருந்ததில் குடியிருப்பே முணுமுணுத்தது. கோடு அப்போதும் ஏறியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோற்றுப்போய்ச் சர்வரை அணைத்தாள். சனிக்கிழமை மறுபடி தொடங்கினாள்.

கடைசியில் வழியை மாற்றினாள். வாரத் தொடக்கத்தில் நினைவகத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே ஒரு நகல் எடுத்தாள். மந்தமான பிறகு இன்னொரு நகல். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது பெருத்திருக்கிறது என்று தேடினாள்.

பெருத்திருந்தவை பாட்டும் கதையும் செய்தியும். குடியிருப்பில் எல்லார் காதுக்குப் பின்னாலும் ஒரு செவிச்சில் பதிக்கப்பட்டிருந்தது. சர்வரிலிருந்து வருவதை அது நேராக மூளைக்குள் ஓட்டும். பாட்டைப் பாதியில் விட்டுக் கதைக்குத் தாவுவார்கள். கதையைப் பாதியில் விட்டு வேறொன்றுக்கு. விட்டவர் திரும்பி வருவார் என்று நம்பி, சர்வர் ஒவ்வொன்றையும் திறந்தே வைத்துக் காத்திருந்தது. யாரும் திரும்பவில்லை.

கேட்பாரற்றுக் கிடப்பவற்றைத் தானாக மூடும்படி சில வரிகள் எழுதிச் சேர்த்தாள். அந்த வாரம் கோடு படுத்த இடத்திலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை லத்தீப் வழக்கம்போல வந்தார். மூச்சுப்பொறி ஓடிக்கொண்டிருந்தது. சுகிர்தா கணவனின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு இல்லையா?"

"இனிமே என்னைக்கும் இல்ல அண்ணே. உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டோம்."

"இதுல என்ன சிரமம்" என்றார் லத்தீப். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

சில வாரங்களில் தணிகைவேலின் முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவன் பார்வை கதவிலேயே இருந்தது. என்னவென்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைன்னா இந்த ரூம்ல உட்கார இடம் இருக்காது சுகி. ரெஜினாக்கா சுண்டல் கொண்டு வருவாங்க. ஒரே அரட்டை. சிரிச்சு சிரிச்சு லத்தீப் அண்ணன் சில சமயம் அமுக்கவே மறந்துடுவாரு."

சுகிர்தாவுக்கு அது தெரியாது. பதறி ஓடி வந்த அந்த ஒரு நாளைத் தவிர, அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததில்லை.

ரெஜினாவே ஒரு நாள் வந்தாள். கட்டிலைப் பார்க்காமல் பேசினாள்.

"எல்லாரும் கேக்கறாங்க சுகிர்தா. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் சர்வரை அணைச்சிரு."

"அதுதான் நல்லா ஓடுதேக்கா."

"தெரியும். அது நின்னாதான் செவிச்சில்லும் நிக்கும். என் மக என் முகத்தைப் பார்த்துப் பேசினது அந்த ஒரு மணி நேரந்தான். இப்ப அதுவும் இல்ல."

"நீங்க பேசிக்கிறதுக்கு இவர் மூச்சு நிக்கணுமா?"

ரெஜினாவின் முகம் சுருங்கியது. "துருத்திய நாங்க மாத்தி மாத்திப் பிடிக்கிறோம்" என்றாள் மெதுவாக.

"வேண்டாம். சர்வரை நான் அணைக்க மாட்டேன்." சுகிர்தாவின் குரல் உயரவில்லை. "செவிச்சில்லை ரெண்டு தடவை தட்டினா அதுவே நின்னுரும்க்கா. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நிறுத்திட்டு இங்க வாங்க. எத்தனை பேர் வந்தாலும் தேநீர் நான் போடறேன். இப்பவே நீங்க தட்டுங்க, பார்ப்போம்."

ரெஜினாவின் விரல் காதுக்குப் பின்னால் போனது. அங்கேயே நின்றது. உள்ளே ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. காணாமல் போனவன் அப்போதுதான் கதவைத் தட்டுகிறான். விரலை இறக்கிவிட்டாள்.

"நாமளா எப்படி அணைக்கிறது சுகிர்தா?" என்றாள். "தானா நின்னாத்தானே உண்டு."