நாடி காட்டாத சைக்கிள்

"போகட்டுமா?"

"போங்களேன். கையைப் பிடிச்சு யாரு நிறுத்தினா?"

"அப்படியெல்லாம் சொன்னா எப்படி? முறையா சொல்லு."

"சரி சாமி, போயிட்டு வாங்க. ஒத்தச் செருப்போட நிக்காதீங்க, பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கட்டும் டாக்டரம்மா. நீ சொல்லாம நான் எங்கேயாவது போயிருக்கேனா?"

இருபத்திரண்டு வருஷமாக, தினமும் காலை எட்டேகாலுக்கு அவர்கள் வீட்டு வாசலில் நடந்த பேச்சு இது. அவர் லிஃப்ட் மெக்கானிக். கருவிப் பையைத் தோளில் மாட்டி, ஒரு காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைப் போடாமல் அவள் பதிலுக்காக நிற்பார். ஒருநாள் அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் அப்படியே நின்றிருக்கிறார். எங்கோ ஒரு கட்டடத்தில் நாலு பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு இவருக்காகக் காத்திருக்க, அவள் ஈரத் தலையோடு வந்து போயிட்டு வாங்க என்று சொன்ன பிறகுதான் கிளம்பினார். அவள் ஒன்றும் டாக்டர் இல்லை. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிலையத்தில் வேலை பார்ப்பவள். அவள் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டுக்காக அவர் வைத்த பட்டப்பெயர் அது.

இப்போது, உடற்பயிற்சி சைக்கிள் விற்கும் கடையில், சின்ன டிஸ்ப்ளேயில் இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எதற்கென்று தெரியாமல் அந்தப் பேச்சுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கடை முழுக்கப் புது ரப்பர் வாசனை. கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்த சேல்ஸ்மேன் டாக்டர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, பொறுமையாக எல்லாம் விளக்கினார். முதுகு சாய்கிற சீட் இருந்தால் இதயத்துக்குச் சிரமம் குறைவு. சங்கிலி போட்டது சத்தம் போடும், பெல்ட் போட்டது போடாது. காந்தத்தில் ஓடும் சக்கரம் என்றால் பக்கத்தில் ஆள் தூங்கலாம். கைப்பிடியில் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும், அவற்றைப் பிடித்துக்கொண்டால் நாடித் துடிப்பு டிஸ்ப்ளேயில் வரும். தினம் இருபது நிமிஷம், துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் எழுதியிருப்பதால் அது அவசியம்.

கூட வந்திருந்த கணவர் ஏறி உட்கார்ந்து தகடுகளைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். வேகம் வந்தது. தூரம் வந்தது. துடிப்பு வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள்.

"உள்ளங்கை காஞ்சிருந்தா எடுக்காது மேடம்," என்று சேல்ஸ்மேன் ஈரத்தாளால் அவர் கைகளைத் துடைத்துவிட்டார். இரண்டு கோடுகள். மெஷினில்தான் கோளாறா என்று பார்க்க அவளைப் பிடிக்கச் சொன்னார். உடனே தொண்ணூற்று நாலு என்று காட்டியது.

"மேடத்துக்கு வருதே! சார் ரொம்பக் கூலான ஆளு போல."

அவள் சிரித்தாள். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சீட்டில் இருந்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல உதடுகள் பிரிந்தன. அவள் அவசரமாக சேல்ஸ்மேனிடம் திரும்பி, எத்தனை வருஷம் கேரண்டி, ரிப்பேர் என்றால் யார் வருவார்கள், வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டித் தருவீர்களா என்று மூச்சுவிடாமல் கேட்க ஆரம்பித்தாள்.

ஏழு வாரங்களாக அவள் செய்துகொண்டிருந்தது இதைத்தான். அவர் உதடு பிரியும்போதெல்லாம் பேசினாள். டிவியைப் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

ஏழு வாரங்களுக்கு முன்னால், மாரடைப்பு வந்து சேர்த்த ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் முகமூடிக்குள் அவர் உதடுகள் அசைந்தன. அவள் குனிந்து காதை வைத்தாள். "போக..." என்று மட்டும் கேட்டது. மீதி என்னவென்று அவளுக்குத் தெரியாதா? முகமூடியோடு சேர்த்து அவர் வாயைப் பொத்தினாள். "போகக்கூடாது. நான் சொல்லலை. கேட்டீங்களா? நான் சொல்லலை." அதற்குள் மானிட்டரில் கோடு நேராகிவிட்டது. அவளை வெளியே தள்ளினார்கள். பதினொரு நிமிஷம். பிறகு கதவைத் திறந்த டாக்டரின் முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

ஒன்பதாம் நாள் வயர்களையெல்லாம் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வயர்கள் இருந்தவரை மானிட்டரில் எண் இருந்தது. கழற்றிய பிறகு யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் பேசவில்லை. களைப்பு என்று அவள் எல்லோருக்கும் சொன்னாள். மறுபரிசோதனைக்கான தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். வேறு ஊரில் படிக்கும் மகள் போன் செய்து அப்பாவிடம் கொடு என்று கேட்டபோதெல்லாம், தூங்குகிறார் என்று பதில் சொன்னாள்.

"எப்பப் பாத்தாலும் தூங்கறாராம்மா? அவர் வாய்ஸ் கேட்டு ஒன்றரை மாசம் ஆச்சு."

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்கடி."

சைக்கிள் கடையில் நடந்ததையும் மகளிடம் சொன்னாள். அந்த மாதிரித் தகடெல்லாம் ஏமாற்று வேலை, காதில் கிளிப் மாட்டிப் பார்க்கிற மாடல் வாங்கு, அது தப்பாது என்றாள் மகள்.

இரண்டாவது கடையில் அந்த மாடல் இருந்தது. அவர் காது மடலில் கிளிப்பை அவளே மாட்டினாள். தினம் பத்துப் பேர் காதைத் தொடும் கை அவளுடையது. சூடான காது, வியர்த்த காது, காய்ச்சல் காது எல்லாம் அதற்குத் தெரியும். இந்த மடல் மாவு போல இருந்தது. அழுத்தினால் அழுந்தியது, அவ்வளவுதான். டிஸ்ப்ளே யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. அவள் கிளிப்பைப் பிடுங்கி, இது வேண்டாம், நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லி அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். கிளிப்பின் இரண்டு பற்கள் பதிந்த பள்ளம் சாயங்காலமும் மடலில் இருந்தது. மறுநாள் காலையிலும் இருந்தது.

அதற்கு மறுநாள் மூன்றாவது கடைக்குப் போனார்கள். அவரைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

"நாடி காட்டாத சைக்கிள் இருக்கா?"

அந்தக் கடையின் பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். எல்லாரும் காட்டுறதைத்தானேம்மா கேப்பாங்க என்றார். யாருக்கு என்று கேட்டார். தனக்குத்தான் என்று பொய் சொன்னாள். பழைய மாடல் ஒன்று மூலையில் கிடந்தது. டிஸ்ப்ளே இல்லை, வயர் இல்லை. கனமான சக்கரம், மிதிப்பதைக் கெட்டியாக்க ஒரு திருகு, முட்டை வேகவைக்கும்போது திருகிவைப்பது போன்ற ஒரு கடிகாரம். பெடல் மட்டும் சொரசொரப்பான இரும்பு, பல் பல்லாக.

"செருப்பு இல்லாம மிதிக்காதீங்கம்மா, காலைக் கிழிச்சிரும்," என்றார் பெரியவர்.

வாங்கிவிட்டாள். இனிமேல் எந்த டிஸ்ப்ளேயும் தன்னிடம் எதையும் சொல்ல முடியாது.

வெளியே மழைக் குளிர். பஸ்ஸுக்காகக் கடை ஓரமாக ஒதுங்கியிருந்தவர்களின் மூச்சு பட்டுக் கண்ணாடி முழுக்கப் பனித்திருந்தது. அவர் முகத்துக்கு நேராக மட்டும் துடைத்துவைத்தது போலத் தெளிவாக இருந்தது. அதன் வழியாக அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிளை முன்னறையில் ஜன்னல் பக்கம் போட்டார்கள். முதல் நாள் இருபது நிமிஷம் மிதித்தார். கடிகாரம் மணியடித்தது. போதும் என்றாள், நின்றார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வியர்வை இல்லை. காகிதம் போலக் காய்ந்திருந்தது. குளிர்காலம்தானே, வியர்க்காது என்று உரக்கச் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள். விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது. எட்டேகாலுக்குக் கைப்பையைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். வாசலில் அவர் நின்றிருந்தார். ஒரு காலில் செருப்பு. இன்னொரு கால் வெறுமையாக. உதடுகள் பிரிந்தன.

"சைக்கிள் ஓட்டலையா இன்னிக்கு?" அவள் குரல் கீச்சென்று வந்தது. "போங்க, போய் ஏறுங்க. நான் வர்ற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருங்க."

அவள் சொன்னால் அவர் தட்டமாட்டார். திரும்பி நடந்தார். அவள் படியிறங்கும்போதே சக்கரம் சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று, யாரையோ தூங்கவைக்கிற மாதிரி.

மதியம் நிலையத்தில் கூட்டம் இல்லை. அவள் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளிச்சத்தம் துளியும் நுழையாத, சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. ஏழு வாரமாகப் பேசிப் பேசிக் களைத்த வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று உட்கார்ந்தாள். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்பது அவளுக்கும் கேட்டது. தன் மூச்சு உள்ளே போவது, வெளியே வருவது, காதுக்குள் ரத்தம் டப் டப்பென்று நடப்பது. உயிருள்ள எவரையும் இங்கே உட்காரவைத்தால் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

தன் படுக்கையறையை நினைத்தாள். இருட்டில், அருகருகே படுத்து, அவள் கேட்ட மூச்சு.

ஒன்று. ஒன்றுதான். எப்போதும் ஒன்றுதான்.

அன்று பஸ்ஸில் அவளால் உட்கார முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். ஓடினாள். மறுபடி நடந்தாள். மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மா வழிமறித்து, காலையிலிருந்து மேலே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது, கொஞ்ச நேரமாவது நிறுத்தக்கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டாள். இவள் ஏதோ சொல்லித் தலையாட்டினாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்தாள்.

விளக்கு போடாத அறை. ஜன்னலில் சாயங்காலத்தின் கடைசி வெளிச்சம். சூடான ரப்பர் வாசனை. அதற்கு அடியில், ஆஸ்பத்திரி வாசனை. அவர் முதுகு தெரிந்தது. அசையாத முதுகு. கீழே கால்கள் மட்டும் சுற்றின.

"வந்துட்டேன். போதும், நிறுத்துங்க."

நிற்கவில்லை.

கிட்டே போனாள். திருகைப் பிடித்துத் திருப்பினாள். இன்னும் திருப்பினாள், அதற்கு மேல் திரும்பாத வரைக்கும். சக்கரம் முனகியது. இரண்டு ஆள் சேர்ந்தாலும் மிதிக்க முடியாத கனம். பெடல் அதே வேகத்தில் சுற்றியது.

குனிந்து பார்த்தாள்.

ஒரு காலில் செருப்பு. இன்னொன்று வெறுங்கால். காலையில் வாசலில் நின்ற அதே கோலம். வெறுங்காலின் அடியில் இரும்புப் பற்கள். பெடலில் வெள்ளையாக, சுருள் சுருளாக, காய்ந்த தோல். தரையிலும் கொஞ்சம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அவள் பேசினாள். மகள் போன் பண்ணினாளா என்றாள். மழை வரும் போலிருக்கிறது, துணி எடுக்கவேண்டும் என்றாள். சூப் வைக்கட்டுமா, தக்காளி இருக்கிறது என்றாள். கீழ்வீட்டு அம்மா திட்டுகிறாள், நீங்கள் செய்த வேலை என்று சிரித்தாள். வேறென்ன. வேறென்ன இருக்கிறது. திங்கட்கிழமை. பால் கார்டு. டிவி. டிவி ரிமோட் எங்கே? கை அதைத் தேடிப் போகவேண்டும். போகவில்லை. கை அவர் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தது? விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

பேச்சு தீர்ந்துபோயிற்று.

சக்கரம் சுழலும் சத்தம். அவள் மூச்சு. வேறில்லை.

அப்புறம் இன்னொரு சத்தம். மிகச் சின்னது. ஆயிரம் காதுகளைச் சோதித்தவளுக்கு மட்டுமே கேட்கக்கூடியது. எங்கோ பூட்டிக்கிடந்த அறையின் கதவிடுக்கில் காற்று நுழைவது போல. அவள் விரல்களுக்குக் கீழே தோள் உயர்ந்தது. சட்டைக்குள் நெஞ்சு, காலிப் பைக்குள் காற்றடிப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக உப்பியது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் மூச்சு. பேசுவதற்கு வேண்டிய ஒரே ஒரு மூச்சு.

தலை மட்டும் திரும்பியது. இமைக்காத கண்கள், தூசி படிந்த கண்கள், பழைய பிரியத்தோடு அவளைப் பார்த்தன. கால்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

"டாக்டரம்மா," என்றார். "போகட்டுமா?"