ஜாங்கிரியின் சர்க்கரை

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழ்நகரில், காலைக் காபிக்கு முன்பே சமையலறைச் சுவர் பூனையின் சர்க்கரை அளவைச் சொல்லிவிடும். ஜாங்கிரியின் கழுத்துத் தோலுக்கடியில் பதித்த உணர்சில்லு அனுப்பும் செய்தி அது. அன்றும் அளவு கூடியிருந்தது. வடிவாம்பாள் இன்சுலின் ஊசியை எடுத்ததும் ஜாங்கிரி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த அவளுக்கு அந்தக் கிரகத்தில் வேறு துணை கிடையாது. மருந்தைக் கூட்டியும் பூனை இளைத்துக்கொண்டே வந்தது. பயந்துபோய்க் கால்நடை மருத்துவர் இதாயத்துல்லாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவர் சில்லின் பதிவுகளைத் திரையில் ஓடவிட்டார். பயந்தால் உடம்பில் கார்டிசால் என்ற பதற்றச் சுரப்பு ஊறும், அது இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது, சர்க்கரை ஏறும் என்று விளக்கினார். ஜாங்கிரிக்குத் தினமும் சாயங்காலம் அந்தச் சுரப்பு எகிறியிருந்தது.

"அந்த நேரத்துல வீட்ல என்னம்மா நடக்குது?"

வடிவாம்பாள் யோசித்தாள். "எங்க மேனேஜர் கூப்பிடுவார் டாக்டர். வேலை முடிஞ்சு வந்தப்புறமும் விடமாட்டார். நான் பதில் சொல்லிக்கிட்டே குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். இது போய் ஒளிஞ்சுக்கும்."

"வியாதியே உங்க மேனேஜர்தான்மா."

குமிழ்நகரில் வளர்ப்பு விலங்கைப் பதற வைப்பது குற்றம். மருத்துவர் சான்று கொடுக்க, விலங்குநலத் துறை அவளுடைய மேலாளர் தணிகாசலத்தைக் கடுமையாக எச்சரித்தது. அன்றோடு அழைப்பு நின்றது. சாயங்காலங்களில் வடிவாம்பாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜாங்கிரி அவள் மடியில் தூங்கியது. சில வாரங்களில் அதற்கு ஊசியே தேவைப்படவில்லை.

அவளுக்கும் தலைவலி விட்டுப்போயிருந்தது. போன வருடம் இதே தொல்லையை மனிதர்களைப் பார்க்கும் மருத்துவமனையில் சொன்னபோது, வேலையென்றால் அப்படித்தான் இருக்கும் என்று மூச்சுப் பயிற்சி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் நிலையம் முழுக்கப் பரவியது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது காத்திருப்புக் கூடத்தில் அலுவலக முகங்களாகவே இருந்தன, ஆளுக்கொரு பூனை. மூலையில் தணிகாசலம் ஒரு குட்டியைக் கையில் ஏந்தியபடி சங்கடமாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எங்க டைரக்டர் விடியறதுக்குள்ள கூப்பிட ஆரம்பிச்சிடுறார்மா. நேத்துதான் இதை வாங்கினேன்" என்று குரலைத் தாழ்த்தினார். "சீக்கிரம் பயப்படற வகைதானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

குட்டி அவர் உள்ளங்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.