ஸ்பீக்கர் கேட்காத நாற்பது விநாடி

மெயின் லைன் உயிரோடு இருந்தது.

அத்தான்தான் உயிரோடு இல்லை!

சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தார். வலது கை விரல்கள் கறுத்திருந்தன. சுவரில் திறந்து கிடந்த சுவிட்ச் பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஸ்பீக்கர் நிலைப்படியிலேயே நின்று பார்த்தான். கிட்டே போகவில்லை... போகவேண்டிய அவசியமும் இல்லை. அவனும் எலக்ட்ரீஷியன்தான்.

ஸ்பீக்கர் என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும்படி கத்துவான் என்பதற்காகத் தெரு வைத்த பட்டம். செத்துக் கிடப்பவர் அவனுடைய அக்காவின் கணவர். தொழிலிலும் கூட்டாளி. இருவரும் வீடுகளுக்கு வயரிங் செய்தார்கள். செய்வதையே போனில் படமெடுத்து, 'நீங்களே மாட்டலாம்' என்று ஒரு சேனலில் போட்டார்கள்.

இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் ஒரே கமெண்ட்டைத்தான் மாற்றி மாற்றி எழுதினார்கள். 'பெரியவர் பேசறது இதமா இருக்கு. கூட இருக்கறவர் ஏன் சண்டைக்கு வர்றாரு?'

ஸ்பீக்கர் அதைப் பொறுத்துக்கொண்டான். பத்து நாளைக்கு முன்னால், அத்தான் வீட்டு மாடிப்படியில் நின்றபோது காதில் விழுந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. உள்ளே அத்தான் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் தெளிவாக விழவில்லை... விழுந்தவரை போதுமானதாக இருந்தது.

"இனிமே அவன்... வேண்டாம்... தனியா..."

ஆக, கழற்றிவிடப் போகிறார்! கம்பியைச் சீவக் கற்றுக்கொடுத்த அதே கையால்!

பத்து நாள் அதையே மென்றான். பதினோராவது நாள் காலை பதினொரு மணிக்குக் காரியத்தை முடித்துவிட்டான்.

இப்போது திரும்பி நடக்கப் போனவன்... சட்டென்று நின்றான்.

அத்தானின் சட்டைக் காலரில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கியது.

மைக்!

கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஒயர் கிடையாது. இதே போல ஒன்று ஸ்பீக்கரின் காலரிலும் இருந்தது. இரண்டும் பிடிக்கிற சத்தம், ஹாலில் ஸ்டாண்டில் நிற்கும் போனுக்குப் போகும். போனின் அடியில் செருகியிருக்கும் குட்டி ரிசீவர் வாங்கிப் பதிவு செய்யும். காலையில் மைக்கை மாட்டிவிடும்போது அத்தான் அதைப் பற்றி ஏதோ சொன்னார். ஸ்பீக்கர் தலையாட்டினான். கொலை செய்யப் போகிற காலையில் யார் காதில் எது ஏறும்?



திட்டம் கச்சிதமானது. வாடிக்கையாளர் பெயிண்ட் வேலைக்காகக் காலி செய்திருந்த பழைய வீடு, ஆபத்தென்றால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்ச்கூட இல்லை. அதை மாட்டத்தான் வந்திருந்தார்கள். கேமராவுக்கு முன்னாலேயே மெயினை ஆஃப் செய்தான். அத்தான் சமையலறைக்குப் போனார். ஸ்பீக்கர் ஹாலில் நின்று, எந்த ஒயர் எதற்கு என்று நேயர்களுக்கு விளக்கினான். நடுவில், ஸ்க்ரூ எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, தன் மைக்கின் பட்டனை அழுத்தி வாயடைத்து, படத்தைவிட்டு விலகினான்.

நாற்பதே விநாடி!

நடையில் மெயினை ஆன் செய்தான். சமையலறை வாசலில் தலையை நீட்டினான். அத்தான் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டெஸ்டரைக் காணோம் மச்சான். உன்கிட்டயா இருக்கு?"

இருந்தது. அவனுடைய பாக்கெட்டில்தான்.

"டெஸ்டர் எதுக்கு? நான்தான் மெயினை ஆஃப் பண்ணியிருக்கேனே. என்னை நம்பலையா?"

அத்தான் சிரித்தார். "உன்னை நம்பாம யாரைடா நம்பறது?"

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் திரும்பி நடந்தான். கேமரா முன்னால் வந்து நின்று, மைக்கைத் திறந்து, நேயர்களிடம் ஸ்க்ரூவைக் காட்டினான். அப்போதுதான் உள்ளே அந்தத் 'தொப்'.

தன் மைக்கின் வாயைக் கட்டியவன், அத்தானின் மைக்கை மறந்துவிட்டான்!

ஓடினான். போனை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கினான். ஜன்னலுக்கு வெளியே சாரத்தில் இரண்டு பெயிண்டர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தமாகப் போட்டுக் கேட்க முடியாது. ரிசீவரை உருவிவிட்டு, பையிலிருந்த இயர்போனைச் செருகி, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டான். அந்த இடத்துக்குத் தள்ளினான்.

அவனுடைய குரல் கேட்டது. "ஸ்க்ரூ எடுத்துட்டு வந்துடறேன்..."

பிறகு...

ஒன்றுமில்லை.

மெயினை ஆன் செய்த 'டக்' சத்தம் இல்லை. டெஸ்டர் இல்லை. சிரிப்பு இல்லை. நாற்பது விநாடியும் சுத்த மௌனம். பிறகு மறுபடியும் அவனுடைய குரல். தூரத்தில் அந்தத் 'தொப்'.

மூச்சு வந்தது. பச்சை விளக்கு எரிந்தால் என்ன, இரண்டு சுவர் தாண்டி சிக்னல் எட்டவில்லை! அழிக்க நினைத்த விரலை மடக்கிக்கொண்டான். எதற்கு அழிக்க வேண்டும்? அத்தான் விழுந்த கணத்தில் அவன் கேமரா முன்னால் ஸ்க்ரூவோடு நிற்கிறான். இதைவிட நல்ல சாட்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது.

டெஸ்டரை அத்தானின் டூல் பையில் போட்டான். பிறகு கத்தினான்.

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குரலால் ஒரு பிரயோஜனம். பெயிண்டர்கள் இரண்டு பேரும் சாரத்திலிருந்து குதித்து ஓடி வந்தார்கள்.

*

வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கூடவே ஒரு கான்ஸ்டபிள். பிணத்தின் பக்கத்தில் நின்றாலும் வாய்க்குள் ஏதாவது பாட்டு முனகுகிறவர்.

லைன் வருகிறதா என்று பார்க்க அத்தானே மெயினை ஆன் செய்திருப்பார், மறந்து கை வைத்திருப்பார் என்றான் ஸ்பீக்கர். போனை அவனே நீட்டினான். இன்ஸ்பெக்டர் பக்கவாட்டில் நின்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், துக்கம் என்று பெயிண்டர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

உண்மையில் அது துக்கமாகவும் இருந்தது. அதுதான் விசித்திரம்!

முதல் நாள் அவனால் சாப்பிட முடியவில்லை. இரண்டாம் நாள் அத்தானின் செருப்பைத் தாண்டி நடக்க முடியவில்லை. யாராவது சுவிட்ச் போட்டால் உடம்பு தூக்கிவாரிப்போட்டது. எந்த மூலையில் போய் உட்கார்ந்தாலும் அந்தக் குரல் கூடவே வந்து உட்கார்ந்தது.

'உன்னை நம்பாம யாரைடா நம்பறது?'

அக்கா அவன் தோளில் சாய்ந்து அழுதாள். இடது தோளில். அழுகைக்கு நடுவே என்னவோ சொன்னாள். அவன் தலையாட்டினான். அவள் இன்னும் கொஞ்சம் சொன்னாள். அவன் இன்னும் கொஞ்சம் தலையாட்டினான். சின்ன வயதில் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்ட கை அது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட அவனுக்குக் கூசியது. சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தான். இரண்டு முறையும் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் ஜீப் வந்து நின்றது.

அக்கா எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் நேராக வந்து, சோபாவில் ஸ்பீக்கரின் இடது பக்கம் உட்கார்ந்தார். கான்ஸ்டபிள் முனகிக்கொண்டே கதவோரம் நின்றார்.

இன்ஸ்பெக்டர் மெதுவாக ஏதோ சொன்னார். இழவு வீட்டில் வேறென்ன சொல்லுவார்கள்? ஆறுதலாகத்தான் இருக்கும்.

ஸ்பீக்கர் சோகமாகத் தலையாட்டினான்.

எதிரே அக்காவின் முகம் வெளுத்தது. கையிலிருந்த டம்ளர் நழுவி உருண்டது.

ஸ்பீக்கர் திடுக்கிட்டு இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தான். அவர் எழுந்து, சோபாவைச் சுற்றிவந்து, வலது பக்கம் உட்கார்ந்தார்.

"இப்ப நான் என்ன கேட்டேன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"அது... தைரியமா இருங்கன்னு..."

"உங்க அத்தானைக் கொன்னது நீங்கதானேன்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டினீங்க."

கான்ஸ்டபிள் முனகலை நிறுத்திவிட்டார்.

"எத்தனை வருஷமா இடது காது கேக்கலை?"

மூன்று வருஷம்! ஒரு சுவரை ட்ரில் போட்டு முடித்த மறுநாள் காலை அந்தக் காது மூடிக்கொண்டது. செவிடன் என்று பெயர் வாங்குவதற்குப் பதில் ஸ்பீக்கர் என்று வாங்கினான். யார் இடது பக்கம் வந்து பேசினாலும் தலையாட்டப் பழகிக்கொண்டான். அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னது எதையும் செய்ய மாட்டான், ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விடுவான் என்றுதான் அவள் மூன்று வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதிவை நீங்க கேட்டிருப்பீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "கேக்காமலா எங்ககிட்ட தைரியமா குடுப்பீங்க? நாங்களும் கேட்டோம். ஸ்டேஷன்ல ஒரே ஒரு இயர்போன். வலது பக்கத்தை இந்தக் கான்ஸ்டபிள் காதுல வெச்சார், இடது பக்கத்தை நான் வெச்சுக்கிட்டேன். அந்த நாற்பது விநாடி வந்துச்சு. இவர் என்னடான்னா, ஒண்ணுமே இல்லை மேடம்னு சொல்றார். எனக்கு எல்லாமே கேக்குது."

"புரியலை மேடம்..."

"அன்னிக்குக் காலையில உங்க அத்தான் ரிசீவர்ல ஒண்ணை மாத்தியிருக்கார். ரெண்டு மைக்கும் தனித்தனியா பதிவாகற மாதிரி. உங்களது வலது பக்கம், அவரது இடது பக்கம். உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

சொன்னார். மைக்கை மாட்டிவிடும்போது சொன்னார். இடது பக்கம் நின்றுகொண்டு!

இன்ஸ்பெக்டர் போனை மேஜையில் வைத்தார். இந்த முறை இயர்போன் இல்லை.

மெயின் ஆன் ஆகும் 'டக்'. பிறகு டெஸ்டர். பிறகு ஸ்பீக்கரின் குரல், எட்டூருக்குக் கேட்கும்படி: "நான்தான் மெயினை ஆஃப் பண்ணியிருக்கேனே. என்னை நம்பலையா?" பிறகு அந்தச் சிரிப்பு. "உன்னை நம்பாம யாரைடா நம்பறது?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்பீக்கர் கண்ணை மூடினான். அவ்வளவுதான் என்று நினைத்தான்.

அவ்வளவு இல்லை!

அவன் திரும்பி நடந்த பிறகும் அத்தானின் மைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்புறம் மச்சான்... நாளைக்குப் பத்து மணி, மறந்துடாத. காது டாக்டர். நானும் கூட வரேன். மச்சான், கேக்குதா..."

தொப்.

ஸ்பீக்கரின் உதடு அசைந்தது. அந்தக் குரலிலிருந்து சத்தம் வராமல் போனது அதுவே முதல் தடவை.

"டாக்டரா?"

அக்கா எழுந்து வந்தாள். அவனுடைய வலது பக்கமாகப் பார்த்து மண்டியிட்டாள்.

"முந்தாநாள் உன் தோள்ல சாஞ்சுட்டு இதைத்தானேடா சொன்னேன்? தலையாட்டினியே... உனக்குக் காது கேக்கலைன்னு ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் அவர் கண்டுபிடிச்சார். வேலைக்குப் போன இடத்துலேர்ந்து நான் போன் பண்ணினப்ப சொன்னார். இனிமே அவன் கத்திப் பேச வேண்டாம், தனியா கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டறேன், வெட்கப்படுவான், நீ எதுவும் கேட்டுடாதேன்னு..."

இனிமே அவன்... வேண்டாம்... தனியா...

மாடிப்படி. இடது பக்கமிருந்து வந்த குரல். பாதிக் காது!

"அந்த மைக்கைத் தனித்தனியா வெச்சதும் உனக்காகத்தான்," என்றாள் அக்கா. "உன் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போட்டா, யாரும் உன்னைத் திட்டி எழுத மாட்டாங்கன்னு."

ஸ்பீக்கர் அவள் காலைத் தொடக் குனிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அதுதான் அவனுக்கு விழுந்த முதல் தண்டனை. மீதியைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும்.

"நான்தான்," என்றான். "நான்தான் மேடம்." யாரும் கேட்காமலே இன்னும் மூன்று தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாக.

ஜீப்பின் பின் கதவு திறந்தது. அவனை ஏற்றிவிட்டு, இடது பக்கமாகக் கான்ஸ்டபிள் நெருக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டோடு தொண்டையைச் செருமி, இந்த முறை முனகாமல், வாய்விட்டே ஒரு பாட்டை ஆரம்பித்தார்.

முன்சீட்டிலிருந்த இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"வழி நெடுக இப்படித்தான் பாடுவார். இந்தக் கேஸ்ல நீங்க தப்பிச்சது இது ஒண்ணுலேர்ந்துதான்!"